அரிய நாணயமா, கட்டித் தங்கமா? காசைப் போடும் முன் பார்க்க வேண்டியவை

2021 ஜூனில் நியூயார்க்கில் ஒரு தங்க நாணயம் ஏலத்துக்கு வந்தது. 1933 என்று ஆண்டு பொறித்த 20 டாலர் நாணயம். ‘டபுள் ஈகிள்’ என்பார்கள். அந்த ஆண்டு 4,45,500 நாணயங்களை அச்சடித்தார்கள். வெளியே விடுவதற்குள் சட்டம் மாறிவிட்டதால் ஏறக்குறைய எல்லாவற்றையும் உருக்கிவிட்டார்கள். தப்பியவற்றில் தனி ஆள் வைத்துக்கொள்ள அரசு ஒப்புக்கொண்டது இந்த ஒன்றை மட்டும்தான். ஏலத்தில் அது 1.89 கோடி டாலருக்குப் போனது. ஒரு நாணயத்துக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை.

இதே நாணயத்தை 2002இல் வாங்கியவர் கொடுத்தது சுமார் 76 லட்சம் டாலர். 19 ஆண்டில் இரண்டரை மடங்கு. கேட்கும்போது வாய் பிளக்க வைக்கும் கணக்குதான். ஆனால் 2002இல் அந்த ஏலம் நடந்தபோது தங்கம் அவுன்ஸ் 300 டாலரை ஒட்டி இருந்தது. 2021 ஜூனில் 1,900 டாலரை ஒட்டி. அதாவது ஆறு மடங்கு. உலகத்திலேயே விலை உயர்ந்த நாணயத்தைக் கையில் வைத்திருந்தவரைவிட, அதே பணத்துக்கு வெறும் தங்கக் கட்டி வாங்கிப் பூட்டி வைத்த ஒருவருக்கு இரண்டு மடங்குக்கு மேல் கிடைத்திருக்கும்.

இதை வைத்து ‘பார்த்தீர்களா, கட்டிதான் சரி’ என்று முடித்துவிடலாமா? முடியாது. வேறு இரண்டு தேதிகளை எடுத்தால் கதை தலைகீழாகிவிடும். 1980 ஜனவரியில் தங்கம் 850 டாலரைத் தொட்டது. 1999இல் அது 250 டாலர் அளவுக்கு இறங்கிக் கிடந்தது. 1980 உச்சத்தில் வாங்கியவர் போட்ட அதே எண்ணை மறுபடி பார்க்க 2008 வரை காத்திருந்தார். 28 ஆண்டு. அதற்குள் விலைவாசி எங்கேயோ போய்விட்டது. வெள்ளி இன்னும் மோசம். 1980 ஜனவரியில் 50 டாலரை ஒட்டிப் போனது, மார்ச் இறுதியில் 11 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. கட்டி வாங்கினால் நஷ்டமே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆகவே, எது அதிகம் ஏறியது என்ற கேள்வியை வைத்து இந்த முடிவை எடுக்க முடியாது. நாம் உண்மையில் எதை வாங்குகிறோம், அதன் விலையை யார் சொல்கிறார்கள், நாளைக்கே விற்க வேண்டும் என்றால் யார் வாங்குவார்கள், இந்த மூன்றையும்தான் பார்க்க வேண்டும். இந்தக் கேள்விகளைக் கேட்டால் நாணயமும் கட்டியும் ஒரே உலோகத்தால் ஆன இரண்டு வேறு பொருள்கள் என்பது புரிந்துவிடும்.

கட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் விலை மூன்று எண்களில் அடங்கிவிடும்: எடை, மாற்று (எவ்வளவு சுத்தம் என்பது), அன்றைய சந்தை விலை. உலகச் சந்தை ட்ராய் அவுன்ஸில் பேசும். ஒரு ட்ராய் அவுன்ஸ் 31.1 கிராம். அப்புறம் ‘புல்லியன் நாணயம்’ என்று ஒன்று உண்டு. பெயரில் நாணயம் இருந்தாலும் குணத்தில் அது கட்டிதான். 1967இல் தென்னாப்பிரிக்கா வெளியிட்ட க்ரூகராண்ட் இதற்கு வழிகாட்டி. அது 22 கேரட். மொத்த எடை 33.93 கிராம், அதற்குள் சரியாக ஒரு அவுன்ஸ் சுத்தத் தங்கம். கனடாவின் மேப்பிள் லீஃப் 1979இல் வந்தது, அமெரிக்காவின் ஈகிள் 1986இல். இவற்றில் எந்த ஆண்டு நாணயம் என்று யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. எத்தனை அவுன்ஸ் என்றுதான் கேட்பார்கள். இன்றைய விலை என்ன என்பதை நீங்களே ஒரு நிமிடத்தில் பார்த்துக்கொள்ளலாம், வியாபாரியும் அதையேதான் பார்ப்பார். பேரம் பேச மிச்சம் இருப்பது அந்த விலைக்கு மேல் அவர் வைக்கும் பிரீமியம் மட்டும்தான்.

ஒரு அவுன்ஸ் தங்க நாணயத்துக்குச் சாதாரண காலத்தில் இந்தப் பிரீமியம் சில சதவீதத்தில் நின்றுவிடும். ஒரு கிராம், இரண்டு கிராம் என்று சிறிதாக வாங்கினால் கூடும், ஏனென்றால் சின்னத் துண்டுக்கும் பெரிய துண்டுக்கும் அச்சுக்கூலி ஏறக்குறைய ஒன்றுதான். வெள்ளிக்கு இன்னும் கூடும். 2020 மார்ச்சில் நடந்தது போல எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால், திரையில் ஓடும் விலை ஒன்றாகவும் கைக்குக் கிடைக்கும் விலை வேறாகவும் இருக்கும். அப்படிப்பட்ட வாரத்தில் அவசரப்பட்டு வாங்காதீர்கள். அன்று கட்டிய பிரீமியம் விற்கும்போது திரும்பி வராது.

போலியா என்ற பயம் கட்டியிலும் உண்டு. ஆனால் அதைச் சோதிக்க வழி இருக்கிறது, அதுதான் எனக்குக் கட்டியில் பிடித்தது. ஒன்றைச் சொல்கிறேன், செய்து பாருங்கள். 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு ஒன்று வேண்டும். அதன்மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். சுத்தத் தங்கத்தில் ஆன ஒரு அவுன்ஸ் நாணயத்தை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குங்கள். அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது, முழுக்க மூழ்கித் தொங்க வேண்டும். தராசு 1.61 காட்டினால் அந்த நாணயம் ஒதுக்கிய தண்ணீரின் எடை அது. 31.1ஐ 1.61ஆல் வகுத்தால் 19.3. தங்கத்தின் அடர்த்தி 19.3. உள்ளே ஈயத்தை வைத்து மேலே முலாம் பூசியிருந்தால் எண் 2.7ஐ ஒட்டிப் போய்க் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தச் சோதனையை ஏமாற்றக்கூடியது டங்ஸ்டன் என்ற உலோகம். அதன் அடர்த்தி 19.25, தங்கத்துக்கு அவ்வளவு பக்கம். அதனால்தான் பெரிய கட்டிகளை அல்ட்ராசவுண்டிலும் மின்கடத்துத் திறன் பார்க்கும் கருவியிலும் சோதிக்கிறார்கள். இவையெல்லாம் இயந்திரம் சொல்லும் பதில்கள். யார் சோதித்தாலும் ஒரே பதில் வரும்.

அரிய நாணயத்தில் அந்த வசதி கிடையாது. அங்கே பதிலைக் கண் சொல்ல வேண்டும்.

ஒரு பழைய வெள்ளி நாணயத்தைப் பத்து மடங்கு லென்ஸுக்கு அடியில் வைத்து, ஒற்றை விளக்கின் கீழ் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். அச்சிலிருந்து வந்தபடியே தேயாமல் இருந்தால், வெளிச்சம் வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் போல அதன் முகத்தில் சுற்றி ஓடும். அச்சு இறங்கும்போது உலோகம் வெளிப்பக்கமாக வழிந்ததால் உண்டான நுண்ணிய கோடுகளின் விளையாட்டு அது. பொறித்த முகத்தின் கன்னத்தில், தலைமுடியின் மேட்டில், அந்த ஓட்டம் எங்காவது அறுந்து சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தால் நாணயம் சில கைகள் மாறியிருக்கிறது. ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் தெரிந்தால் யாரோ துணியால் துடைத்திருக்கிறார்கள். நாணயம் முழுக்கப் பளிச்சென்று இருந்தும் அந்தச் சக்கரம் ஓடவே இல்லை என்றால் அமிலத்திலோ பாலிஷிலோ முக்கி எடுத்திருக்கிறார்கள். வெறும் கண்ணுக்கு இந்த மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். விலையில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் பல மடங்கு வித்தியாசம்.

எனக்குப் பதினான்கு வயதில் ஒரு வெள்ளி நாணயம் கிடைத்தது. நீலமும் பழுப்புமாகக் கருத்திருந்தது. பற்பசை வைத்துத் தேய்த்து வெள்ளையாக்கி எல்லோரிடமும் காட்டினேன். நான் தேய்த்து எடுத்தது அழுக்கு அல்ல, பல பத்தாண்டுகள் காற்றுபட்டு அதன்மேல் படிந்த நிறம் என்பதும், சேகரிப்பவர்கள் தேடுவதே அந்தத் தொடாத மேற்பரப்பைத்தான் என்பதும் பல ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. இன்றும் அந்த நாணயம் என்னிடம் இருக்கிறது. லென்ஸில் பார்த்தால் என் விரல் போன வழியெல்லாம் கீறலாகத் தெரியும். உருக்கினால் என்ன கிடைக்குமோ அதுதான் இப்போது அதன் விலை. தயவுசெய்து பழைய நாணயம் எதையும் கழுவாதீர்கள், துடைக்காதீர்கள்.

இந்தக் கண்ணின் தீர்ப்பை எண்ணாக மாற்ற ஒரு முறை இருக்கிறது. வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949இல், பழைய செப்புச் சென்ட்டுகளுக்காக 1 முதல் 70 வரை ஒரு அளவுகோல் போட்டார். 70 வாங்கிய நாணயத்துக்கு 1 வாங்கியதைப் போல 70 மடங்கு விலை இருக்கட்டும் என்பது அதன் அடிப்படை. விலைக்கணக்கு பிறகு பொருந்தவில்லை, எண்கள் மட்டும் நின்றுவிட்டன. 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. என்று இரண்டு நிறுவனங்கள் வந்தன. நாணயத்தைப் பார்த்து எண் கொடுத்து, உடைக்காமல் பிரிக்க முடியாத பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகிறார்கள். போலிக்கு எதிராக இது பெரிய பாதுகாப்பு, மறுக்க முடியாது. ஆனால் அந்த எண்ணும் ஒரு மனிதர் பார்த்துச் சொன்ன கருத்துதான். ஒரே நாணயத்தை உடைத்து எடுத்து மறுபடி அனுப்பி, 64க்குப் பதில் 65 வாங்க முயல்கிறவர்கள் உண்டு. சில வகைகளில் அந்த ஒரு எண்ணில் விலை இரட்டிப்பாகும். உறையையே போலியாகச் செய்கிறவர்களும் வந்துவிட்டார்கள்.

எண் வந்ததும் பெரிய பணம் உள்ளே வந்தது. பங்கு மாதிரியே நாணயத்தையும் பார்க்காமல் வாங்கி விற்கலாம் என்று நினைத்து வால் ஸ்ட்ரீட்காரர்களும் நாணய நிதிகளைத் தொடங்கினார்கள். 1989இல் விலைகள் உச்சிக்குப் போயின. அடுத்த ஆண்டே வாங்க ஆள் இல்லாமல் சரிந்து, பல நாணயங்கள் பாதி விலைக்கும் கீழே போயின. உள்ளே இருந்த உலோகத்துக்கோ உறை மேல் இருந்த எண்ணுக்கோ எந்த மாற்றமும் இல்லை. வாங்குபவர்களின் மனசு மட்டும் மாறியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் சாலமன் பிரதர்ஸ் என்ற நிதி நிறுவனம் ஆண்டுதோறும் பலவகை முதலீடுகளின் வருமானத்தை ஒப்பிட்டு வெளியிடும். அதில் நாணயங்கள் முன்வரிசையில் நின்றதை நாணய வியாபாரிகள் விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் இருந்ததோ தேர்ந்தெடுத்த 20 நாணயங்கள் மட்டும். ஒரு வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் மதிப்பெண்ணைக் காட்டி முழுப் பள்ளியும் இப்படித்தான் என்று சொல்வது போல. இன்றைக்கும் ‘அரிய நாணயங்கள் ஆண்டுக்கு இத்தனை சதவீதம்’ என்று யாராவது சொன்னால் எந்த நாணயங்கள், யார் பொறுக்கியவை என்று கேளுங்கள்.

‘அரிய’ என்ற சொல்லை நம்பி எத்தனையோ பேர் ஏமாறுகிறார்கள், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழையது எல்லாம் அரியதல்ல. ரோமப் பேரரசின் கடைசிக் காலத்துச் செப்புக் காசுகள் 1,600 ஆண்டுக்கு மேல் பழையவை. பானை பானையாக மண்ணிலிருந்து கிடைப்பதால் தேய்ந்த காசு ஒன்றை மலிவாகவே வாங்கிவிடலாம். மறுபக்கம், 1909இல் சான் பிரான்சிஸ்கோவில் வி.டி.பி. என்ற எழுத்துகளோடு அச்சான லிங்கன் சென்ட் 4,84,000 இருந்தது. எண்ணிக்கையில் அது ஒன்றும் குறைவில்லை. ஆனால் லிங்கன் சென்ட் சேர்க்கிற ஒவ்வொருவருக்கும் தன் வரிசையில் காலியாக இருக்கும் அந்த இடத்தை நிரப்ப ஒன்று வேண்டும், அதனால் செப்புச் சில்லறைக்கு நூற்றுக்கணக்கான டாலர். எத்தனை இருக்கிறது என்பது பாதிக் கேள்விதான். எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதும் சேர்ந்தால்தான் விலை.

அந்த ‘எத்தனை இருக்கிறது’ என்பதும் மாறக்கூடியது. 1903இல் நியூ ஆர்லியன்ஸில் அச்சான மார்கன் வெள்ளி டாலரின் கதையைக் கேளுங்கள். அச்சடித்தது 44 லட்சத்துக்கும் மேல், ஆனால் தேடினால் கிடைக்காது. 1918இல் வந்த பிட்மன் சட்டத்தின்கீழ் 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கினார்களே, அதில் இதுவும் போய்விட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். மார்கன் வரிசையிலேயே கிடைக்காத ஒன்று என்று பெயர் வாங்கி, 1962இல் தேயாத நாணயத்துக்குக் கையேட்டு விலை 1,500 டாலர். அந்த ஆண்டு கடைசியில் அரசின் பெட்டக அறை ஒன்றைத் திறந்தார்கள். உள்ளே மூட்டை மூட்டையாக அதே நாணயம். வங்கிகள் வழியாக ஒரு டாலர் முகமதிப்புக்கே வெளியே வந்தது. கொஞ்ச காலத்துக்குள் விலை 100 டாலருக்கும் கீழே விழுந்துவிட்டது. 1,500 கொடுத்து வாங்கியவர் செய்த தப்பு எதுவும் இல்லை. அவருக்குத் தெரிந்தவரை அது அரியதுதான்.

2013இல்கூட கலிஃபோர்னியாவில் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு தம்பதி மண்ணில் புதைந்த தகர டப்பாக்களைப் பார்த்து எடுத்தார்கள். 1,427 தங்க நாணயங்கள், பல அச்சிலிருந்து வந்தபடியே இருந்தன. எத்தனையோ பேர் ‘இந்தத் தரத்தில் இனி கிடைக்காது’ என்று வைத்திருந்த வகைகளும் அதில் இருந்தன.

தங்கத்துக்கு இப்படி நேராதா? மனிதர் இதுவரை தோண்டி எடுத்த தங்கம் 2 லட்சம் டன்னுக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். ஆண்டுக்குச் சுரங்கங்களிலிருந்து சேர்வது 3,500 டன்னைச் சுற்றி. இரண்டு சதவீதம்கூட இல்லை. ஒரு பெட்டக அறையைத் திறந்ததால் தங்க விலை பதினைந்தில் ஒரு பங்காகிவிடாது. அது வட்டிவிகிதத்துக்கும் பயத்துக்கும் டாலரின் பலத்துக்கும் ஏறி இறங்கும். அது வேறு வகை ஆபத்து, ஆனால் எல்லோர் கண்ணுக்கும் ஒரே நேரத்தில் தெரிகிற ஆபத்து.

சரி, விற்கும் நாள் வருகிறது. கட்டி என்றால் அன்றே விற்று அன்றே காசு. அன்றைய விலையிலிருந்து சிறிது கழித்துக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். நாணயத்துக்கு இரண்டு வழி. வியாபாரியிடம் கொடுத்தால் அவர் தன் லாபத்தை வைத்துத்தான் எடுப்பார். அவரும் அதை மாதக்கணக்கில் வைத்துக் காத்திருக்க வேண்டும் என்பதால் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஏலத்துக்கு விட்டால் கட்டணம் உண்டு. வாங்குபவரிடம் 20 சதவீதத்தை ஒட்டிச் சேர்த்து வாங்குவது ஏல நிறுவனங்களின் வழக்கம். ஏலம் 100இல் முடிந்து சுத்தியல் விழுந்தால் வாங்கியவர் கட்டுவது 120. அதே நாணயத்தை அவர் மறுநாளே விட்டு, மறுபடி 100இலேயே சுத்தியல் விழுந்தால், அவர் கைக்கு வருவது அதிகபட்சம் 100. எதுவும் நடக்காமலே ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. அதை ஈடுகட்டவே நாணயம் 20 சதவீதம் ஏற வேண்டும், அதற்குப் பிறகுதான் லாபக் கணக்கு ஆரம்பம்.

விலை மட்டுமில்லை, ஆளும் வேண்டும். 1794இல் அச்சான அமெரிக்காவின் முதல் வெள்ளி டாலர்களில் மிக நல்ல நிலையில் இருக்கும் ஒன்று 2013இல் ஒரு கோடி டாலருக்கு மேல் போனது. 2020இல் மறுபடி ஏலத்துக்கு வந்தபோது உரிமையாளர் வைத்த குறைந்தபட்ச விலையை எட்டாமல் விற்காமலே திரும்பியது. பிறகு 1.2 கோடி டாலருக்குக் கைமாறியது, ஆனால் உரிமையாளர் நினைத்த அன்று அல்ல. உலகமே அறிந்த நாணயத்துக்கே இந்தக் காத்திருப்பு என்றால் நம் கையில் இருப்பதற்கு என்ன அவசரம் காட்டிவிட முடியும்? மருத்துவச் செலவுக்கோ பிள்ளை படிப்புக்கோ என்று தேதி குறித்து வைத்திருக்கும் பணத்தை அரிய நாணயத்தில் போடவே கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இவ்வளவு சொல்வதால் எனக்கு நாணயம் பிடிக்காது என்று நினைக்காதீர்கள். நல்ல நாணயத்தைக் கற்றுத் தெரிந்து வாங்கி, இருபது ஆண்டு வைத்திருந்து, கட்டியைவிட நல்ல லாபத்துக்கு விற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு பொதுவான குணம் உண்டு: ஏதோ ஒரு சிறு துறையைப் பிடித்து, ஒரு அரசரின் காசுகள், ஒரு நாணயச்சாலை, ஒரே வகைச் சில்லறை என்று அதிலேயே ஊறியிருப்பார்கள். விற்கிறவருக்குத் தெரியாதது தங்களுக்குத் தெரிகிறபோதுதான் வாங்குவார்கள். அவர்களின் லாபம் அந்த அறிவுக்குக் கிடைத்த கூலி. அந்த அறிவு இல்லாத நாம் அதே நாணயத்தை வாங்கினால், அந்தக் கூலியைக் கட்டுகிற இடத்தில் நிற்கிறோம்.

உண்மையில் நான் பயப்படுவது இந்த இரண்டுக்கும் நடுவே விற்கப்படும் சரக்கைப் பார்த்துத்தான். பெரும்பாலானவர்கள் பணத்தை இழப்பது அங்கேதான். ‘கட்டியின் பாதுகாப்பும் உண்டு, அரிய நாணயத்தின் லாபமும் உண்டு’ என்று சொல்லி விற்பார்கள். லட்சக்கணக்கில் கிடைக்கும் சாதாரணப் பழைய தங்கக் காசை உறையில் போட்டு, உலோக விலைக்கு மேல் முப்பது நாற்பது சதவீதம் வைப்பார்கள். அல்லது போன மாதம் அச்சடித்ததை ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ என்று மரப்பெட்டியில் வைத்துச் சான்றிதழோடு தருவார்கள். எல்லோரும் பெட்டியோடு பத்திரமாக வைத்திருக்கும் பொருள் எப்படி அரியதாகும்? தங்கம் வேகமாக ஏறும் காலத்தில் சாதாரணப் பழைய தங்கக் காசுகளின் பிரீமியம் சுருங்கிவிடும் என்பதையும் அவர்கள் சொல்ல மாட்டார்கள். தங்கம் ஏறியும் உங்கள் காசு அதே அளவு ஏறவில்லை என்ற நிலைமை அப்போது வரும்.

இந்த நடுச்சரக்கை விற்க ஒரு பழைய கதையை அடிக்கடி எடுப்பார்கள். 1933 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மக்களிடமிருந்த தங்கத்தை ஒப்படைக்கச் சொன்னார், அவுன்ஸுக்கு 20.67 டாலர் கொடுத்து வாங்கி, அடுத்த ஆண்டு விலையை 35 டாலராக்கினார்கள். அந்த ஆணையில் சேகரிப்பாளர்களுக்குத் தனி மதிப்புள்ள அரிய நாணயங்களுக்கு விலக்கு இருந்தது. இவ்வளவும் உண்மை. ‘ஆகவே அரசு மறுபடி தங்கத்தைப் பறித்தாலும் இந்த நாணயத்தைத் தொட முடியாது’ என்று சேர்ப்பதுதான் உண்மையல்ல. அந்தத் தடை 1974 கடைசியோடு முடிந்துவிட்டது. இனி ஒரு சட்டம் வந்தால் அதில் என்ன விலக்கு இருக்கும் என்று இன்றைக்கு எந்த வியாபாரியாலும் எழுதித் தர முடியாது. பயமுறுத்தி விற்கிற இடத்தில் எழுந்து வந்துவிடுவது நல்லது.

வைத்துக்கொள்வதில் இரண்டுக்கும் தொல்லை உண்டு. ஒரு கிலோ தங்கம் இரண்டு தீப்பெட்டியை அடுக்கினால் வரும் அளவுதான். வெள்ளி அப்படியல்ல. விலை விகிதம் 80க்கு 1 என்று இருக்கும் நாளில், அதே மதிப்புக்கு வெள்ளி 80 மடங்கு எடை, சுமார் 150 மடங்கு இடம். நாணயத்துக்கு எடை பிரச்சினை இல்லை, ஈரமும் பிளாஸ்டிக்கும்தான் எதிரி. மலிவான பி.வி.சி. உறைகளில் வைத்தால் சில ஆண்டில் பச்சைப் பிசின் போல ஒன்று படிந்து உலோகத்தை அரித்துவிடும். காப்பீடு எடுக்கும்போதும் கட்டிக்கு அன்றைய விலை போதும். நாணயத்துக்கு மதிப்பீட்டுச் சான்று கேட்பார்கள். வரி நாட்டுக்கு நாடு மாறும், சில இடங்களில் இரண்டுக்கும் வேறு வேறு விதி. வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் இப்படிச் செய்வேன். பாதுகாப்புக்கு என்று ஒதுக்கும் பணம் முழுவதும், எங்கும் எளிதாக விற்கக்கூடிய புல்லியன் நாணயமாகவோ பெயர் பெற்ற சுத்திகரிப்பாளரின் கட்டியாகவோ இருக்கட்டும். ஒரே பெரிய கட்டியாக வேண்டாம். பாதியை விற்க வேண்டி வந்தால் அறுத்துக் கொடுக்க முடியாது. அரிய நாணயத்துக்கு, திரும்ப வராவிட்டாலும் தூக்கம் கெடாத பணத்தை மட்டும் தனியாக வையுங்கள். முதல் ஆண்டு அந்தப் பணத்தில் நாணயம் வாங்காமல், கையேடும் லென்ஸும் வாங்கி, ஏலங்கள் முடிந்தபின் உண்மையில் என்ன விலைக்குப் போயின என்று பாருங்கள். கேட்கும் விலையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது, முடிந்த விலைதான் பாடம். ஓராண்டு கழித்தும் ஆர்வம் குறையவில்லை என்றால் வாங்க ஆரம்பிக்கலாம். அப்போதும் பத்துச் சாதாரண நாணயத்துக்குப் பதில் ஒரே ஒரு நல்ல நாணயம்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் சொல்வதில்லை. நமக்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறப்பவர்கள் யார்? கட்டியில் எடையும் மாற்றும் பொறித்திருக்கும், பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். அரிய நாணயம் பேசாது. துக்க வீட்டில் அவசரத்தில் எடுத்துப்போய்த் தராசில் போட்டு உருக்கு விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்கியவரும் பொய் சொல்லவில்லை, எடைக்குக் கேட்டார்கள், எடைக்குக் கொடுத்தார். ஆகவே நாணயம் வாங்குகிறவர்கள் ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், என்ன நாணயம், எப்போது யாரிடம் எவ்வளவுக்கு வாங்கியது, எந்த வகையான இடத்தில் விற்க வேண்டும், எதைக் கழுவவே கூடாது என்று எழுதுங்கள். வீட்டில் இன்னும் ஒருவருக்காவது அந்த நோட்டு இருக்கும் இடம் தெரிய வேண்டும். நாணயங்கள் இருக்கும் பெட்டியிலேயே அதை வைக்காதீர்கள். பெட்டி திருடு போனால் காவல் நிலையத்தில் காட்டுவதற்கும் அந்த நோட்டுதான் இருக்கும்.